பழைய டீசல் காடிக்குக் குளிர் வந்தால்: போமன் பதில்கள்

இந்த மாதம் வந்த கடிதங்களில் பெரும்பாலானவை டீசலைப் பற்றித்தான். தாப்பா, பீடோர், சுங்காய் பக்கம் பழைய டீசல் காடியைக் கைவிடாமல் வைத்திருப்பவர்கள் இன்னும் நிறையப் பேர். 2024 ஜூன் 10-இல் மலேசியத் தீபகற்பத்தில் டீசல் லிட்டர் 2.15 வெள்ளியிலிருந்து ஒரே தாவாக 3.35 வெள்ளிக்குப் போனபோது விற்றுவிடலாமா என்று யோசித்தவர்கள்கூட, வாங்க ஆள் கிடைக்காமலோ மனசு வராமலோ அப்படியே வைத்திருக்கிறார்கள். சரி, வைத்திருப்பவர்கள் ஒழுங்காக வைத்திருக்கட்டும். அதில் ஒரு கடிதம் நம் ஊர் வெயிலுக்குச் சம்பந்தமே இல்லாத கேள்வி, அதையே முதலில் எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: என் மகன் ஸ்காட்லாந்தில் ஒரு மருத்துவமனையில் நர்ஸாக வேலை செய்கிறான். போன ஏப்ரலில் 2011-ஆம் வருடத்து டீசல் காடி ஒன்றை மலிவாக வாங்கியிருக்கிறான். அவனுக்கு இதுதான் முதல் குளிர்காலம். "என்னென்ன எண்ணெய் மாத்தணும்னு யாரையாவது கேட்டுச் சொல்லுங்கம்மா" என்கிறான். அவன் அப்பா இருந்திருந்தால் அவரே சொல்லியிருப்பார், தோட்டத்து லோரி ஓட்டியவர்.
– ஒரு தாய், தாப்பா ரோடு

பதில்: அம்மா, உங்கள் வீட்டுக்காரர் தினமும் காலையில் லோரியின் முன்மூடியைத் தூக்கிப் பார்த்த அதே சமாச்சாரங்கள்தான் மகனும் பார்க்க வேண்டியவை: ரேடியேட்டர் தண்ணீர், இன்ஜின் எண்ணெய், டீசல் ஃபில்டர், பேட்டரி. நம் ஊரில் இவற்றில் கொஞ்சம் அசட்டையாக இருந்தாலும் காடி ஓடிக்கொண்டிருக்கும், இன்ஜின் மெதுவாகத்தான் கெடும். அங்கே ஒரே ராத்திரியில் இன்ஜின் பிளாக்கே வெடித்துப்போகலாம். ஸ்காட்லாந்தில் பதிவான மிகக் குறைந்த குளிர் மைனஸ் 27.2 டிகிரி. அது பிரேமார் மாதிரி உள்நாட்டு மலை ஊர்களில் எப்போதோ வந்தது, பயந்துவிடாதீர்கள். மைனஸ் ஐந்து, மோசமான ராத்திரியில் மைனஸ் பத்து என்ற கணக்கில் தயாராக இருந்து, அதற்கு மேலும் கொஞ்சம் கையிருப்பு வைத்துக்கொண்டால் போதும்.

முதல் வேலை ரேடியேட்டர் தண்ணீர். பழைய காடி என்றால் முந்தைய சொந்தக்காரர் மட்டம் குறைந்த போதெல்லாம் வெறும் தண்ணீரை ஊற்றி நிரப்பியிருப்பார், இது உலகம் முழுக்க நடப்பதுதான். நிறம் அப்படியே இருக்கும், பலம் போயிருக்கும். அதனால் நிறத்தைப் பார்த்து "கூலண்ட் இருக்கே" என்று விட்டுவிடக்கூடாது. ரிஃப்ராக்டோமீட்டர் என்று கைக்கு அடக்கமாக ஒரு குழல் கிடைக்கும், விலை அதிகமில்லை. இன்ஜின் நன்றாக ஆறியபிறகு தண்ணீரில் ஒரு சொட்டை அதன் கண்ணாடியில் வைத்து மூடி, வெளிச்சத்துக்கு நேரே தூக்கிக் கண்ணில் வைத்தால், மேலே நீலமும் கீழே வெள்ளையுமாகத் தெரியும். இரண்டும் சேரும் கோடு எந்த எண்ணில் நிற்கிறதோ அந்தக் குளிர் வரைக்கும் தண்ணீர் உறையாது. கூலண்டில் உறையாமல் காக்கும் எத்திலீன் கிளைக்கால் பாதி, தண்ணீர் பாதி என்று கலந்தால் ஏறக்குறைய மைனஸ் 37 வரை தாங்கும், மூன்றில் ஒரு பங்கு மட்டும் கலந்தால் மைனஸ் 18 பக்கம். கோடு மைனஸ் 10-இலேயே நின்றுவிட்டால் பழையதைக் கொட்டிவிட்டுப் புதிதாக நிரப்பச் சொல்லுங்கள், மேலே கொஞ்சம் ஊற்றிச் சமாளிக்க வேண்டாம். அதற்காக ஆசைப்பட்டு முழுக்கவே கிளைக்கால் ஊற்றுகிறவர்களும் உண்டு, தண்ணீரே கலக்காத கிளைக்கால் மைனஸ் 13 பக்கத்திலேயே உறைந்துவிடும். பாதிக்குப் பாதி போதும். இது இனிப்பாக இருக்கும், கடும் விஷம், சிந்தியதை நாய் பூனை நக்கினால் செத்துப்போகும், அதனால் உடனே கழுவிவிட வேண்டும்.

தண்ணீர் ஏன் பிளாக்கை உடைக்கிறது என்றால், உறையும்போது அதன் கொள்ளளவு 9 சதவீதம் போலக் கூடும். இரும்புக்குள் அடைபட்ட தண்ணீருக்கு விரிய இடமில்லை. பிளாக்கின் பக்கவாட்டில் காசு மாதிரி வட்டத் தகடுகள் அடித்திருக்கும், கொடுத்து வைத்தவர்களுக்கு அது மட்டும் பிதுங்கிக்கொண்டு வெளியே வரும், மற்றவர்களுக்கு பிளாக்கே கீறல் விடும். அதற்கு மருந்து கிடையாது.

தண்ணீரோடு தெர்மோஸ்டாட்டையும் பார்க்கச் சொல்லுங்கள், இன்ஜின் சூடேறும் வரை தண்ணீரை ரேடியேட்டருக்கு விடாமல் தடுக்கும் வால்வு அது. நம் ஊர் போமன்கள் பலருக்கு ஒரு பழக்கம் உண்டு, காடி சூடாகிறது என்று வந்தால் தெர்மோஸ்டாட்டைக் கழற்றி வீசிவிட்டு "இப்ப பாருங்க, ஜில்லுன்னு ஓடும்" என்பார்கள். ஜில்லென்று ஓடுவது டீசல் இன்ஜினுக்கு நல்லதே இல்லை. பிளக் தீப்பொறியில் எரிகிற எண்ணெய் இல்லையே இது, காற்றை நெருக்கி வருகிற சூட்டில் எரிவது. இன்ஜின் சூடேறாமலே ஓடினால் டீசல் முழுசாக எரியாமல் சிலிண்டர் சுவரைக் கழுவிக்கொண்டு கீழே எண்ணெயில் இறங்கும். ஸ்காட்லாந்தில் தெர்மோஸ்டாட் திறந்தபடியே சிக்கிக்கொண்டால் காடிக்குள் ஹீட்டரும் வேலை செய்யாது, கண்ணாடியில் படியும் பனியும் இறங்காது. அரைமணி நேரம் ஓட்டியும் சூட்டு முள் நடுவுக்கு வரவில்லை என்றால் அதுதான் சந்தேகம்.

இப்போது டீசல். டீசலுக்குள் மெழுகு கரைந்திருக்கிறது. குளிர் கூடக்கூட அந்த மெழுகு பொடிப்பொடியாகத் திரண்டு முதலில் கலங்கலாகும், அப்புறம் ஃபில்டரின் தாளில் அப்பிக்கொள்ளும், இன்ஜினுக்கு எண்ணெய் வராது. அதனால் பிரிட்டனில் நவம்பர் நடுவிலிருந்து மார்ச் நடு வரை விற்பது வேறு டீசல், மைனஸ் 15 வரை ஃபில்டர் அடைக்காதபடி தயாரித்தது. கோடையில் விற்பது மைனஸ் 5 அளவுக்குத்தான். மகன் தனியாக எதுவும் கேட்டு வாங்க வேண்டியதில்லை, எண்ணெய் நிலையமே மாற்றிவிடும். ஆனால் செப்டம்பரில் டாங்க் நிறைய ஊற்றிவிட்டு, பஸ்ஸிலேயே வேலைக்குப் போய்வந்து, டிசம்பரில் ஒருநாள் சாவியைத் திருப்பினால் உள்ளே இருப்பது கோடை டீசல். மாட்டிக்கொள்வது பெரும்பாலும் இப்படித்தான். நவம்பர் நடுவுக்குள் பழைய டீசலை ஓட்டித் தீர்த்துவிட்டு, அதன் பிறகு வியாபாரம் நன்றாக நடக்கிற நிலையத்தில் புதிதாக நிரப்பட்டும். குளிர்காலம் முழுக்க டாங்கைப் பாதிக்குக் கீழே விடாமல் வைத்துக்கொண்டால் காலி இடத்தில் ஈரம் படிவதும் குறையும்.

டீசல் ஃபில்டரை எப்போது மாற்றினார்கள் என்று தெரியாவிட்டால், எதற்கும் காத்திராமல் குளிர் தொடங்கும் முன்பே மாற்றிவிட வேண்டும். பாதி அடைத்த ஃபில்டர் கோடையில் சத்தமில்லாமல் ஓடும், மெழுகு கொஞ்சம் சேர்ந்தாலே மூச்சு நின்றுவிடும். ஃபில்டரின் அடியில் சேர்ந்த தண்ணீரும் அங்கே பனிக்கட்டியாகிவிடும்.

மெழுகு கட்டி நின்றுவிட்டால்? ஸ்டார்ட்டரை விடாமல் சுற்றிப் பேட்டரியையும் சாகடிக்கக் கூடாது. காடியைக் கூரைக்குள் தள்ளிச் சூடு ஏறவிட்டு, புது ஃபில்டர் போட்டால் போதும். உறையாமல் இருக்க ஊற்றும் மருந்து டப்பாக்கள் மெழுகு திரளும் முன்பு ஊற்றினால்தான் பலிக்கும், கட்டிய மெழுகை அவை கரைக்காது. யாராவது பழைய ஆள் "கொஞ்சம் பெட்ரோல் கலந்துக்கோ" என்று சொல்வார். அந்தக் காலத்து பம்ப் இன்ஜின்கள் சிலவற்றின் கையேட்டிலேயே அப்படி இருந்தது உண்மைதான், 2011 காடியில் டீசலைக் கடும் அழுத்தத்தில் தள்ளும் காமன் ரெயில் பம்புக்கோ டீசலின் வழவழப்புதான் மசகு. பெட்ரோல் போனால் பம்ப் உராய்ந்து, அந்த இரும்புத்தூள் இன்ஜெக்டர் வரைக்கும் போகும். மண்ணெண்ணெய் கலப்பது அங்கே சட்டப்படியும் குற்றம், வரிச்சலுகையில் விற்கிற எண்ணெயை ரோட்டில் ஓடும் காடியில் ஊற்றக்கூடாது.

இன்ஜின் எண்ணெய் விஷயத்தில் அவன் அப்பா ஊற்றிய 15டபிள்யூ-40 வேண்டாம். கையேட்டில் பெரும்பாலும் 5டபிள்யூ-30 என்று இருக்கும், அதுவே சரி. முன்னால் இருக்கும் எண்தான் குளிரில் எவ்வளவு இளக்கமாக இருக்கும் என்பதற்கு: 15 என்பதை மைனஸ் 20-இலும், 5 என்பதை மைனஸ் 30-இலும் வைத்துச் சோதிக்கிறார்கள். இன்னொன்று, அந்த வருடத்துக் காடியில் பெரும்பாலும் புகைக்குழாயில் கரிவடிகட்டி இருக்கும். அதற்குச் சாம்பல் குறைந்த எண்ணெய் வேண்டும், டப்பாவில் சி3 போன்ற அடையாளம் பார்த்து, கையேட்டோடு ஒத்துப்போகிறதா என்று சரிபார்த்து வாங்கணும். மகன் வீட்டிலிருந்து மருத்துவமனைக்குப் பத்து நிமிடம் ஓட்டிவிட்டு நிறுத்துகிற ஆள் என்றால் அந்த வடிகட்டி தன்னைச் சூடாக்கிக் கரியை எரித்து முடிக்கும் முன் இன்ஜின் நின்றுவிடும். அந்தச் சூட்டுக்காகக் கூடுதலாகப் பீய்ச்சிய டீசல் எண்ணெயில் இறங்கும். எண்ணெய்க் கம்பியில் மட்டம் குறைந்தால்தானே நாம் கவலைப்படுவோம், இங்கே மட்டம் கூடினால் கவலைப்படணும். கூடியிருந்தால் எண்ணெயை மாற்றிவிட வேண்டும். வாரம் ஒருமுறை நெடுஞ்சாலையில் அரைமணி நேரம் நன்றாக ஓட்டினால் இந்தத் தொல்லை வராது. வடிகட்டியை எடுத்துவிடலாம் என்று யாராவது யோசனை சொன்னால் கேட்கவே வேண்டாம், வருடாந்திரச் சோதனையில் காடி தேறாது.

மற்றவை சின்ன விஷயங்கள். பேட்டரி கடும் குளிரில் பாதி பலம்தான் கொடுக்கும், ஐந்து வருடம் தாண்டியதாக இருந்தால் சோதித்துவிடட்டும். ஸ்டார்ட் ஆகும் முன் சிலிண்டரைச் சூடாக்குவது குளோ பிளக், அதன் விளக்கு அணையும் வரை பொறுத்து ஸ்டார்ட் பண்ணட்டும். கண்ணாடி கழுவும் டாங்கில் வெறும் தண்ணீர் கூடாது, குளிர்காலத்துக்கென்றே விற்கும் திரவம் இருக்கிறது. கண்ணாடியில் பனி படிந்திருந்தால் சுடுதண்ணீர் ஊற்றக் கூடாது என்று அழுத்திச் சொல்லுங்கள், நம் பிள்ளைகள் முதல் வருடம் செய்கிற வேலை அது, கண்ணாடி விரிசல் விடும்.

கேள்வி: கேமரன் மலை கம்போங் ராஜாவில் காய்கறி போடுகிறேன். பழைய டீசல் ஹைலக்ஸ், 2எல் என்ற வகை இன்ஜின். கீழே தாப்பாவில் எண்ணெய் ஊற்றிக்கொண்டு மேலே போவேன். மழை நாட்களில் விடியற்காலை ஸ்டார்ட் ஆக மறுக்கிறது, வெயில் வந்ததும் ஒன்றுமே நடக்காத மாதிரி ஓடுகிறது. செம்பனை டீசல் உறைகிறது என்கிறார்கள். உண்மையா?
– ஒரு விவசாயி

பதில்: அண்ணே, பாதி உண்மை. இப்போது நம் டீசலில் பத்து சதவீதம் செம்பனையிலிருந்து வந்தது, அதுதான் பி10. அப்படிக் கலக்கும் செம்பனை மெத்தில் எஸ்டரைத் தனியாக எடுத்து வைத்தால் 15 டிகிரி பக்கத்திலேயே கலங்க ஆரம்பிக்கும். பிரிஞ்சாங்கில் சமையலறை அலமாரியில் இருக்கும் எண்ணெய்ப் புட்டி காலையில் அடியில் வெள்ளை கட்டியிருப்பதைப் பார்த்திருப்பீர்களே, அந்தக் குணம்தான். ஆனால் பத்து சதவீதக் கலவையில் அது அவ்வளவு சீக்கிரம் நடக்காது. கேமரன் மலையில் பதிவான மிகக் குறைந்த குளிரே 7.8 டிகிரி, அது 1978 பிப்ரவரியில். உங்கள் விடியற்காலை 15, 16 இருக்கும். அந்தக் குளிருக்கு டாங்க் எண்ணெய் கட்டியாகி காடி நிற்கிறது என்பதை நான் நம்பமாட்டேன். ஆனால் இரவெல்லாம் ஆறிய எண்ணெயிலிருந்து கொஞ்சம் கொழகொழப்பு பிரிந்து ஃபில்டரில் படியும், அது நாளாக நாளாகச் சேரும். ஃபில்டரை வெட்டிப் பார்த்தால் பழுப்பு நிறத்தில் பசை மாதிரி இருக்கும். நீங்கள் மலையிலேயே காடியை நிறுத்துகிற ஆள் என்பதால் யூரோ 5 பி7 கிடைக்கும் இடத்தில் அதை ஊற்றிக்கொள்ளுங்கள், செம்பனை ஏழு சதவீதம்தான், விலை கொஞ்சம் கூட. ஃபில்டரை மற்றவர்கள் மாற்றுவதைவிடச் சீக்கிரம் மாற்றுங்கள்.

ஆனால் அதற்கு முன் ஒரு சோதனை, காசு செலவில்லாதது. நாளைக்குக் காலையில் சாவியைத் தொடும் முன், ஃபில்டர் தலையில் இருக்கும் கை பம்பைக் கட்டைவிரலால் அமுக்குங்கள். புசுபுசுவென்று இறங்கி, பல தடவை அமுக்கிய பிறகுதான் கெட்டியாகிறது, அதற்கப்புறம் காடி உடனே பிடிக்கிறது என்றால் எங்கோ காற்று இழுக்கிறது, இரவில் டீசல் பின்வாங்கி டாங்குக்கே போய்விடுகிறது. பழைய ரப்பர் குழாய்கள் செம்பனை டீசலில் ஊறி இளகிப்போகும், கிளிப் இருக்கும் இடத்தில் விரலால் தடவிப் பாருங்கள், ஈரம் இருக்கும். அந்த வயசுக் காடிக்கு எல்லாக் குழாயும் மாற்றிவிடுவதே நல்லது. பம்ப் முதல் அமுக்கிலேயே கெட்டியாக இருக்கிறது, ஆனாலும் வெள்ளைப் புகையோடு சுற்றிக்கொண்டே இருக்கிறது என்றால் குளோ பிளக். 2எல், டீசல் முதலில் ஒரு சின்ன அறையில் பற்றுகிற இன்ஜின், நாலில் இரண்டு பிளக் செத்தால்கூடக் கீழே தாப்பா வெயிலில் தெரியாது, மேலே போனதும் தெரிந்துவிடும். பிளக்குகளை இணைக்கும் தகட்டைக் கழற்றி, மீட்டரை ஓம் அளவில் வைத்து ஒவ்வொன்றாகப் பாருங்கள். ஒரு ஓம் பக்கம் காட்டினால் உயிர் இருக்கிறது, எண்ணே காட்டாவிட்டால் போய்விட்டது. நான் பணம் கட்டுவதாக இருந்தால் குளோ பிளக் மீதுதான் கட்டுவேன்.

அப்புறம் ஃபில்டர் அடியில் இருக்கும் திருகைத் திறந்து வருகிறதை உள்ளே தெரிகிற ஒரு காலிப் புட்டியில் கால்வாசி பிடித்து, பத்து நிமிடம் ஆடாமல் வையுங்கள். அடியில் முத்து மாதிரி உருண்டு நிற்பது தண்ணீர். மேலே இருப்பது டீசல். நடுவில் கறுப்பாக நூல் நூலாக மிதந்தால் டாங்கில் கிருமி வளர்ந்திருக்கிறது, டாங்கையே இறக்கிக் கழுவ வேண்டும். மலை ஈரத்தில் இதை மாதம் ஒருமுறை செய்யலாம். முடித்ததும் திருகை இறுக்கிவிட்டுக் கை பம்பை அமுக்கிக் காற்றை வெளியேற்ற மறந்துவிடாதீர்கள்.

கேள்வி: எங்கள் காலத்தில் தோட்டத்து லோரிக்குக் குழாய்த் தண்ணீர்தான் ஊற்றினோம், ஆற்றுத் தண்ணீர்கூட ஊற்றியிருக்கிறோம். ஓடத்தானே செய்தது? உறையாத நாட்டில் கூலண்ட் எதற்கு? கடைக்காரர்கள் பிழைக்கவா?
– ஓய்வுபெற்ற தோட்டத்து டிரைவர், பீடோர்

பதில்: ஐயா, ஓடியது, நான் இல்லை என்று சொல்லவில்லை. அந்த லோரியில் பிளாக் இரும்பு, ஹெட் இரும்பு, ரேடியேட்டர் பித்தளையும் செம்பும், அதை வருடா வருடம் கழற்றிக் கம்பி விட்டுக் குத்த தோட்டத்து ஒர்க்‌ஷாப்பில் ஆளும் இருந்தார். இப்போது உங்கள் வீட்டு வாசலில் நிற்கும் காடியில் ரேடியேட்டர் அலுமினியம், பெரும்பாலும் ஹெட்டும் அலுமினியம். பிளாக் மட்டும் இரும்பு. இரண்டு உலோகமும் ஒரே தண்ணீரில் கிடந்தால் அலுமினியத்தைத்தான் அரிக்கும். கூலண்டில் உறையாமல் காக்கும் கிளைக்கால் ஒரு பாதி வேலை, துருவைத் தடுக்கும் சத்து இன்னொரு பாதி. நமக்கு இரண்டாவதுதான் தேவை. அந்தச் சத்து தீர்ந்துபோகும், அதனால்தான் நிறம் நன்றாக இருந்தாலும் சில வருடங்களில் மாற்றச் சொல்கிறார்கள்.

வெயிலுக்கும் அது உதவும். பாதிக்குப் பாதி கலவை, ரேடியேட்டர் மூடியின் அழுத்தமும் சேர்ந்தால் 120 டிகிரி தாண்டித்தான் கொதிக்கும். மூடியின் ரப்பர் வெடித்துப்போயிருந்தால் இந்தக் கணக்கெல்லாம் வீண், சில வெள்ளிச் சாமான், அதை மாற்ற ஏனோ யாருக்கும் மனசு வருவதில்லை. நம் ஊருக்கு மூன்றில் ஒரு பங்கு கூலண்ட் போதும். மீதிக்குக் கடைவாசலில் காசு போட்டுப் பிடிக்கிற சுத்திகரித்த தண்ணீர் நல்லது, காய்ச்சி வடித்த தண்ணீர் அதைவிட நல்லது. குழாய்த் தண்ணீரில் சுண்ணாம்பும் குளோரினும் இருக்கிறது, உள்ளே செதில் கட்டும். நடுவழியில் வேறு கதி இல்லை என்றால் குழாய்த் தண்ணீர் ஊற்றி வீடு வந்து சேருங்கள், அதற்கு யாரும் உங்களைக் குறை சொல்லமாட்டார்கள். ஆனால் வந்ததும் கொட்டிவிடுங்கள்.

கேள்வி: டீசல் விலை ஏறிவிட்டது. பொரித்த எண்ணெயை வடிகட்டி டீசலோடு கலந்தால் என்ன? இணையத்தில் ஒருவர் ஓட்டிக் காட்டுகிறார்.
– ஒரு வாசகர், சுங்காய்

பதில்: தம்பி, ஓடும். எத்தனை நாள் என்பதுதான் விஷயம். சமையல் எண்ணெய் டீசலைவிடப் பத்து மடங்கு போலக் கெட்டி. இன்ஜெக்டரால் அதைப் புகை மாதிரித் தெளிக்க முடியாது, துளித்துளியாக விழும், பாதி எரிந்து பிஸ்டன் வளையத்தில் கரியாக ஒட்டும், மீதி இன்ஜின் எண்ணெயில் இறங்கி அதைக் கூழாக்கும். குளிர்நாட்டில் ஓட்டிக் காட்டுபவர்கள் பெரும்பாலும் தனி டாங்க் வைத்து, எண்ணெயைச் சூடாக்கி, டீசலில் ஸ்டார்ட் செய்து டீசலிலேயே நிறுத்துகிறார்கள், அதைப் படத்தில் கடைசியில்தான் சொல்வார்கள். செம்பனை டீசல் என்று நிலையத்தில் விற்பது மெத்தனாலோடு வினைப்படுத்தி கிளிசரினைப் பிரித்தெடுத்தது, வாணலியில் இருந்து வடிகட்டியது அல்ல. உங்கள் பொரித்த எண்ணெயை வாங்குகிறவர்களிடம் விற்று அந்தக் காசுக்கு டீசல் ஊற்றுங்கள். புடி மடானி என்ற அரசு டீசல் உதவித்தொகை 2024-இல் தொடங்கியபோது மாதம் 200 வெள்ளி, தகுதி இருந்தால் அதற்கு மனுப் போட்டீர்களா?

கேள்வி: தானா ராத்தாவிலிருந்து தாப்பா இறங்கும்போது கடைசிப் பகுதியில் பிரேக் மிதி தரை வரை போகிறது. கீழே வந்து ஆறியதும் சரியாகிவிடுகிறது. பேட் புதுசுதான்.
– வேன் ஓட்டுநர்

பதில்: இதைப் படித்ததும் ஓட்டுவதை நிறுத்துங்கள், விளையாட்டில்லை. உங்கள் பிரேக் எண்ணெய் கொதிக்கிறது. அது ஈரத்தை உறிஞ்சும் எண்ணெய், மூடியைத் திறக்காமலே வருடக்கணக்கில் காற்றிலிருந்து எடுத்துக்கொள்ளும். டாட் 3 என்ற வகை பிரேக் எண்ணெய் புதிதாக 205 டிகிரியில் கொதிப்பது, ஈரம் ஏறியதும் 140-க்கு இறங்கிவிடும். டாட் 4 புதிதில் 230, ஈரம் ஏறினால் 155. அந்த மலைப்பாதை ரூட் 59-இன் வளைவுகளில் மிதித்துக்கொண்டே வந்தால் அந்தச் சூடு தாராளமாக வரும். எண்ணெய் ஆவியாகிக் குமிழி விட்டால் நீங்கள் மிதிப்பது குமிழியைத்தான். நாலு சக்கரத்திலும் பழையதை வெளியேற்றிப் புது டாட் 4 ஏற்றுங்கள், அப்புறம் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை. திறந்து வைத்துப் பழசான டப்பா வேண்டாம். இறங்கும்போது ஏறிய அதே கியரில் இறங்குங்கள், நியூட்ரலில் விட்டு எண்ணெய் மிச்சம் பிடிப்பது என்ற பேச்சே வேண்டாம்.

பழைய டீசல் வேன் என்றால் இன்னொன்றும் பாருங்கள். பிரேக்கை இலகுவாக்கும் காற்று உறிஞ்சும் பம்ப் பலவற்றில் ஆல்டர்னேட்டரின் முதுகில் இருக்கும், அதற்கு இன்ஜின் எண்ணெய் ஒரு சின்னக் குழாய் வழியாகப் போகும். அந்தக் குழாய் கசிந்தால் எண்ணெயும் போகும், கொஞ்ச நாளில் பம்பும் தேயும், மிதி கல் மாதிரி ஆகும். உங்களுக்கு இப்போது இருப்பது அது இல்லை, ஆனால் கீழே குனிந்த கையோடு அதையும் தடவிப் பாருங்கள்.

சில்லறைக் கேள்விகள்

பச்சைக் கூலண்ட் இருக்கிறது, கடையில் இளஞ்சிவப்பு மட்டும்தான் உள்ளது, கலக்கலாமா? கலக்காதீர்கள். நிறம் கம்பெனிக்குக் கம்பெனி மாறும், உள்ளே இருக்கும் சத்து வேறு வேறு வகை, கலந்தால் ஆயுள் குறையும், சில ஜோடிகள் கூழாகத் திரளும். கழுவிவிட்டு ஒரே வகையை ஊற்றுங்கள்.

எண்ணெய் மாற்றிய அன்றே கறுத்துவிட்டது, ஏமாற்றிவிட்டார்களா? பழைய டீசலில் அப்படித்தான், உள்ளே ஒட்டியிருக்கும் கரியை எடுத்துக்கொண்டுதான் அது கறுக்கிறது. பால் கலந்த காப்பி நிறமானால்தான் பயப்படணும், தண்ணீர் இறங்குகிறது என்று அர்த்தம், ஓட்டாமல் இழுத்துக்கொண்டு வாருங்கள்.

கியர் எண்ணெய் ஜிஎல்-4 கேட்டால் ஜிஎல்-5 கொடுக்கிறார், பெரிய நம்பர்தானே நல்லது என்கிறார்? பின் ஆக்ஸிலுக்கு நல்லது. பழைய மேனுவல் கியர் பெட்டிக்குள் பித்தளை வளையங்கள் இருக்கும், ஜிஎல்-5 சிலவற்றில் இருக்கும் கந்தகச் சேர்மானம் அதை அரிக்கும். கையேட்டில் நாலு என்றால் நாலுதான்.

இன்ஜின் சத்தத்தைக் குறைக்கும் என்று பசார் மாலாம் இரவுச் சந்தையில் ஒரு டப்பா விற்கிறார்கள், வாங்கலாமா? அந்தக் காசுக்கு ஒரு டீசல் ஃபில்டர் வாங்குங்கள்.

அப்பாவின் வீரா 2.0 டீசல், மூன்று வருடமாக வீட்டுக்குப் பக்கத்தில் ஓடாமல் நிற்கிறது, பேட்டரி போட்டு ஸ்டார்ட் பண்ணலாமா? பண்ணாதீர்கள், இன்னும் இல்லை. செம்பனை கலந்த டீசல் அவ்வளவு நாள் நின்றால் புளித்து அமிலமாகும், தண்ணீரும் சேர்ந்திருக்கும். டாங்கை முழுக்க வடித்து, ஃபில்டர் மாற்றி, புது டீசல் ஊற்றிக் கை பம்பில் ஏற்றுங்கள். இன்ஜின் எண்ணெய், கூலண்ட், பிரேக் எண்ணெய் மூன்றும் மாற்றுங்கள். டைமிங் பெல்ட் ரப்பர், ஓடாமல் நின்றாலும் வயசாகும், அதை மாற்றாமல் சாவியைத் திருப்பி அது அறுந்தால் வால்வு வளைந்து அப்பாவின் காடி பழைய இரும்புக்குத்தான் போகும். கடைசியாக, ஸ்டார்ட் ஆகும் முன் கையால் இரண்டு சுற்று இன்ஜினைத் திருப்பிப் பாருங்கள், சிக்குகிறதா என்று தெரியும். வடித்த டீசலையும் எண்ணெயையும் கால்வாயில் ஊற்றாமல் டப்பாவில் பிடித்து ஏதாவது ஒர்க்‌ஷாப்பில் கொடுத்துவிடுங்கள், பழைய எண்ணெய் வாங்க வரும் லோரி அங்கே வந்து எடுத்துக்கொள்ளும்.